சுவரோரம் நடந்த முயல்

எனக்கு ஏழு வயதில் ஒரு காட்டு முயலோடு சிநேகம் இருந்தது. அந்தச் சிநேகம் முயலுக்கும் தெரியும் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது திருப்பூரில் அருள்புரத்தைத் தாண்டி, மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு காலி இடத்துக்குள் குடியிருந்தோம். காலி இடம் என்றால் நாலைந்து ஏக்கர். முன்பு அது கொரங்காடாக, அதாவது மழைக்குப் புல் முளைத்து ஆடு மாடு மேய்கிற நிலமாக இருந்தது. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் அதை வாங்கி, புது யூனிட் கட்டப்போவதாகச் சொல்லி, முதல் வேலையாகச் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஹாலோபிளாக் சுவர் எழுப்பினார். சுவர் முடிகிற சமயத்தில் ஆர்டர் படுத்துவிட்டது. உள்ளே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் தண்ணீருக்கு ஒரு போரும் மட்டும் இருந்தன. மற்றபடி வெள்வேல மரங்களும் முழங்காலளவு காய்ந்த புல்லும்தான். இதற்குக் காவலாக அப்பா. புல்லை யார் திருடிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அம்மா கேட்பாள். வாடகையில்லாத வீடு என்பதே அப்பாவுக்கு எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்தது.

நாங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மாவுக்குச் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்ததும் ஏறிப் போவாள். நாளெல்லாம் மேஜை முன்னால் நின்றபடி தைத்த துணியில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று தேடிவிட்டு, இருட்டியபின் அதே வேனில் வந்து இறங்குவாள். அப்பா இரவெல்லாம் டார்ச் லைட்டோடு விழித்திருந்து பகலில் தூங்குவார். அவர் தூங்கும்போது சத்தம் வரக்கூடாது. பள்ளிக்கூடம் திறக்க நாளிருந்தது. அக்கம்பக்கம் என்று ஒன்று கிடையாது. பேச ஆளில்லாமல் நான் போர் மோட்டாரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓடும்போது மட்டும் அது பதில் சொல்லும்.

மோட்டார் குழாயின் மூட்டில் தண்ணீர் சொட்டி, அந்த இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் பச்சையாக இருந்தது. ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் அங்கே மண்கட்டி மாதிரி ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்கட்டிக்குக் காது முளைத்தது. சாயங்கால வெளிச்சம் காதுக்குள் புகுந்து நரம்பெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. பிடரியில் கறுப்பாக ஒரு திட்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஒரு புல்லை நிதானமாக மென்று முடித்துவிட்டு அடுத்த புல்லுக்குப் போனது. திருப்பூருக்கு வந்தபின் என் எதிரில் அவ்வளவு நேரம் இருந்த முதல் ஆள் அதுதான்.

படப்புத்தகத்து முயல் கேரட் தின்னும். ஆகவே அம்மா குழம்புக்கு வாங்கிய கேரட்டில் ஒன்றை எடுத்துக் குழாயடியில் வைத்தேன். எறும்பு தின்றது. முயல் குழி தோண்டி வசிக்கும் என்று நினைத்துக் குழியும் தேடினேன். இதுவோ புல்லுக்குள் தன் உடம்பளவுக்கு ஒரு பள்ளத்தை அழுத்தி வைத்து, பகலெல்லாம் அதில் காதை மடக்கிப் படுத்துக் கிடந்தது. மிதித்துவிடுகிற தூரத்துக்குப் போனால்தான் எழுந்து ஓடும். தனியாக, சத்தம் போடாமல், அசையாமல் இருக்க வேண்டும். எனக்கும் வீட்டில் அதே சட்டம்தான் என்பதால் அதை உடனே பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் ஆனால் அது நடக்கக் கிளம்பும். சுவரை ஒட்டியே போகும். புல்லில் ஒரு சாண் அகலத்துக்குத் தடம் விழுந்திருந்தது. கொஞ்சம் தத்தும், நிற்கும், சுவரின் அடியை மோந்து பார்க்கும். பின்பக்க மூலைக்குப் போனதும் பின்னங்காலில் எழுந்து நின்று மூக்கை ஆட்டும். பிறகு மறுபடி சுவரோரமாகவே சுற்றிக்கொண்டு எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போகும். என்னைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கையை ஆட்டுவேன்.

அதே தடத்தில் ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நடப்பாள். காவல்காரர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை கேட்டோடு முடிந்துவிடும். அப்பா இடத்தை விட்டு நகரக்கூடாது. அம்மா தனியாக என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே போவதை அப்பா விரும்பமாட்டார். ஊரில் அம்மன் கோவில் சித்திரைக் கொடைக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம் என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். அடுத்த வருசம் பார்ப்போம் என்றார். போன வருசமும் அதைத்தான் சொன்னார். அம்மா எழுந்தாள். நின்று நின்று கால் மரத்துப்போனது என்று சொல்லிவிட்டு நடக்கப் போனாள். நானும் வருகிறேன் என்றால், நீ இரு, வந்துவிடுகிறேன் என்பாள். அம்மாவும் முயலும் ஒரே வழியில் நடப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்படி இருக்கையில் ஒருநாள் முதலாளியின் கார் டிரைவர், சும்மா இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், முயலைப் பார்த்துவிட்டார். அவருக்கு முகமெல்லாம் பல்.

"சுத்தியும் செவுரு. இனி எங்கீங்ண்ணா போவுது மொசலு? மொதலாளி திங்கக்கெழம பம்பாய் போறாருங்க, எனக்கு வண்டி ஓட்டற வேல இல்ல. பசங்களையும் நாயையும் கூட்டிட்டு வந்தர்றனுங்க. உங்க ஊட்டுக்கும் கறி உண்டுங்க."

அப்பா தலையை ஆட்டினார். முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவரிடம் வேறு எப்படித் தலையை ஆட்டுவது?

நாயைவிட, கறியைவிட எனக்கு முதலில் உறைத்தது அந்தச் சுவர்தான். முயல் எனக்காக இங்கே இருக்கவில்லை. போக வழியில்லாமல் இருந்திருக்கிறது. பின்பக்க மூலையில் மணல் டிராக்டர் வந்துபோக முதலில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்ததும் அதைத் தன் கையாலேயே கல் வைத்து அடைத்து, முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தார். அதற்கு முன்னால் முயல் தன் இஷ்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. முயலுக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

அம்மா வந்ததும் சொன்னேன். அவள் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டாள். கை மட்டும் நின்றுவிட்டது.

அம்மா அவரிடம் என்ன சொன்னாளோ, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா ஒரு யோசனை சொன்னார். கேட்டைத் திறந்து வைத்து விரட்டிவிட்டால் போய்விடும், யார் மேலும் பழி வராது. அவர் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். நான் எவர்சில்வர் தட்டைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். முயல் கேட் வரைக்கும் வந்தது. அந்நேரம் பார்த்து ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. முயல் வந்த வழியே திரும்பி, அப்பாவின் காலுக்கு நடுவில் புகுந்து, புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பா தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். அன்றைக்கு நாலு காலையும் பக்கத்தில் பார்த்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

மத்தியானம் அம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்க மூலைக்கு நடந்தாள். அப்பா பதறிக்கொண்டு பின்னால் போனார்.

"செவத்துல கை வைக்காத. வேல போயிரும்."

"போனா போட்டும்."

"சரி, ஒடைக்கிறதுன்னா வேற எங்கயாவது ஒடைப்போம். இந்த எடந்தான்னு ஒனக்கு என்ன தெரியும்?"

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சுத்துன அளவுக்கு இந்தச் செவத்த நீங்க சுத்தியிருக்க மாட்டீய. இந்த மூலைக்கு அந்தப் பக்கந்தான் ஆட்டு மணி கேக்கும்."

கொத்தனார் கட்டியிருந்தால் கஷ்டப்பட்டிருப்பாள். கட்டியது அப்பா. சிமெண்டை மிச்சம் பிடித்திருந்தார். நாலைந்து இடியில் அடிக்கல் ஒன்று நொறுங்கி விழுந்தது. அந்தப் பக்கத்து வெளிச்சம் புல்லின் மேல் ஒரு கைக்குட்டை அளவுக்கு விழுந்தது.

சாயங்காலம் மூன்று பேரும் தள்ளி உட்கார்ந்தோம். முயல் வழக்கம்போலக் கிளம்பியது. கொட்டகையைத் தாண்டும்போது நான் கையை ஆட்டவில்லை. கோபம்தான். அது சுவரோரமாக மோந்துகொண்டே மூலைக்குப் போனது. ஓட்டைக்கு முன்னால் நின்றது. காதை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பியது. ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தது என்று இன்றைக்கும் சொல்வேன், யாரும் நம்ப வேண்டாம். பிறகு அங்கே முயல் இல்லை.

அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். நான் தேம்பிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்த வருவாள் என்று பார்த்தால், அவள் ஓட்டைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்து அந்த வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வேறு யாருடையதோ ஒரு கொரங்காடு, கிளுவை வேலி, வீடு திரும்புகிற ஆடுகள், அதற்கப்பால் விளக்குப் போட்டுக்கொண்டு தெற்கே போகும் ஒரு பஸ். முயலைக் காணோம். அம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. எனக்கு என் அழுகை மறந்துபோனது.

"அது இனி வராதும்மா. விடு" என்றேன்.

"ஆமாட்டி, வராது" என்று சொல்லி என் தலையைத் தடவினாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் டிரைவர் பரிவாரத்தோடு வந்தார். முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். அவர் கொண்டுவந்த நாய்களின் மூஞ்சியில் அப்படி எதுவும் தெரியவில்லை. காலில் முள் தைத்துக்கொண்டு எல்லாரும் திரும்பிப் போனார்கள். ஓட்டையைப் பற்றி முதலாளி கேட்டபோது, மழைத்தண்ணீர் வடிய வழி வேண்டுமே என்று அப்பா சொல்லிவைத்தார். முதலாளி மெச்சிக்கொண்டு, எதிர் மூலையிலும் ஒன்று விடச் சொன்னார். இப்படி அடைத்ததற்கு ஒரு நல்ல பெயர், உடைத்ததற்கு ஒரு நல்ல பெயர் என்று அப்பாவின் வேலை நிலைத்தது. அந்த வருசமும் கொடைக்கு நாங்கள் போகவில்லை.

அம்மாவின் நடை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூலை வரைக்கும் போய், ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அந்த வயதை இப்போது நானும் எட்டிவிட்டேன். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், முயல் போனதில் என்னைவிட அம்மாவுக்குத்தான் ஏக்கம் அதிகம் என்பது மட்டும்தான். எனவே ஞாயிறுதோறும் அவளுக்குத் தெரியாமல் ஓட்டை வாசலில் ஒரு கேரட்டை வைத்தேன். அம்மாவுக்காகவாவது அது திரும்பி உள்ளே வந்துவிட வேண்டும், அப்புறம் போகவே கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.