மிளகு ஏணிக்கு ஒரு பூண்

1. சேஸிஸ் இல்லாத வாசல்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தேன். ஒருநாள் காலை வேலைக்குப் போனால் வாசலில் பாடி கட்ட வந்த வெற்று லாரிச் சட்டம், ஒரு சேஸிஸ்கூட நிற்கவில்லை.

முதலாளி சொன்னார்: "லோடே கிடைக்கல, புது வண்டி யாரு எடுப்பாங்க? கொஞ்ச நாள் ஊட்டுல இருங்க சாமி. ஆர்டர் வந்தா நானே கூப்பிடறேன்."

கொல்லிமலைக்குத் திரும்பினேன். காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கியபோதே இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருப்பது எனக்குக் காய்ச்சல் மாதிரி. பட்டறையில் கணக்கு முடித்துக் கொடுத்த காசில் ஒரு பழைய வெல்டிங் மெஷின் வாங்கி, எங்கள் ஊரான திருப்புலி நாட்டில் வீட்டு முன்னாலேயே கடை போட்டேன்.

மனைவி மல்லிகா தலையில் கை வைத்தாள். "ஊரே முடங்கிக் கெடக்குது, இப்பப் போயி கடையா? மிளகு பறிப்பு முடியறவரைக்கும் பாருங்க. அப்பறம் மெஷினை வித்துட்டுக் கோழிப் பண்ணை வேலைக்குப் போயிருங்க."

போர்டில் 'கேட், கிரில், ஷட்டர்' என்று எழுதினேன். யார் வீடு கட்டினார்கள், கேட் கேட்க? கூட்டின கடையையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். கொல்லைப்புறத்தில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் போன் அங்கே ஆணியில் தொங்கும். முதலாளி கூப்பிட்டாரா என்று அடிக்கடி ஓடிப் பார்ப்பேன். உறவுக்காரர்கள் கூப்பிட்டால் மல்லிகா எடுத்து, "ஊட்டுல சும்மாதாங்க இருக்காரு" என்பாள். அந்தச் 'சும்மா' சுருக்கென்று தைக்கும்.

2. லாரிக்காரன் செய்த ஏணி

முதல் ஆளாக வந்தவர் மிளகு விவசாயி பாப்பாத்தி அக்கா. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தி, கணுவில் கால் வைத்து ஏறிப் பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணி பிளந்து போயிருந்தது. "இதுக்கு எதாச்சும் பண்ணிக் குடுங்க தம்பி."

நான் லாரி கட்டினவன் இல்லையா? மூங்கிலை ஓரமாகப் போட்டுவிட்டு, லாரிக்குப் போடும் கனத்த ஆங்கிள் பட்டையில் முழு இரும்பு ஏணியே அடித்துவிட்டேன். அக்கா ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கு டயர் மாட்டலீங்களா? இதைத் தூக்கிட்டு மேடேறவே பொழுது போயிரும், மிளகை யாரு பறிக்கறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்கு இரும்பு வேணுமா, வேண்டாமா?"

"மூங்கிலு எங்க பிளந்திருக்குன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். அடி மட்டும்தான் பிளந்திருந்தது. சரிவில் வழுக்கி, பாறையில் இடித்துப் பிளந்திருக்கிறது. பிளந்ததை அறுத்துவிட்டு, கடையில் மீந்த பைப்புத் துண்டை அடியில் பூணாக மாட்டி, கீழே கூரான கம்பி வைத்தேன். அவர் தோட்டத்தில் ஏணியைச் சாத்தி ஏறும்போது கீழே நின்று பூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணி அசையவில்லை. மேலிருந்து ஒரு மிளகுக் கொத்து என் தலையில் விழுந்தது.

"நல்லாருக்குதுங்க தம்பி!"

அடுத்த சந்தை நாளில் ஆளாளுக்கு மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். போர்டில் இருந்ததை அழித்துவிட்டு, 'உடைந்தது சரி செய்யப்படும்' என்று எழுதினேன்.

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் காசில்லாத காலத்தில் யாரும் புதிது வாங்க மாட்டார்கள், இருப்பதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அதனால் உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை அப்புறம் பாருங்கள். எது உடைகிறது என்று முதலில் பாருங்கள்.

பறிப்பு முடியும் முன்பே ஒருநாள் போன் அடித்தது. வெல்டிங் ராடை வைத்தது வைத்தபடி விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் மல்லிகா எடுத்திருந்தாள். முதலாளிதான்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாள்:

"அவரு வேலையா இருக்காருங்க. சாயந்திரம் கூப்பிடச் சொல்றேன்."