வலக்கண்ணில் விழுந்த பச்சை

படித்த மனிதர் இதையெல்லாமா நம்புகிறார் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் கோம்பையில் ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றால், ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேட்கிற ஆள்தான் நான். வாழ்நாளெல்லாம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகும் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தேன். அங்கேதான் நடந்தது.

ஜான்சி என் மாணவி, ஜெயமங்கலத்து விவசாயி மகள். மூலக்கூறுக்குள் இரும்பை வைத்து ஒரு சாயம் தயாரித்தோம், கத்தரிப்பூ நிறத் தூள். துணிக்குப் போடுகிற சாயமல்ல. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அதன்மேல் விட்டால், தூள் நன்றாக அமைந்திருந்தால், பச்சை ஒளியாகத் திருப்பித் தரும். அந்தப் பச்சைக்காகத்தான் அவளுடைய இத்தனை கால உழைப்பும். ஆனால் கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடி, லேசரோடு சேர்த்து அந்தப் பச்சையையும் மறைத்துவிடும். கேமரா வைத்துத்தான் பார்க்க வேண்டும். அன்று கேமரா பழுது.

"ஒண்ணும் தெரியல சார்" என்றாள்.

எனக்குப் பொறுமை இல்லை. "ஒரு நொடி கழற்றிப் பாரும்மா" என்றேன்.

கழற்றினாள். "பச்சையா இருக்கு சார்" என்று சிரித்தாள். கண்ணுக்குள் சட்டென்று ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னாள், வலியே இல்லையாம். லேசர் தெறித்து, வலக்கண் பார்வையின் நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை. இனி ஆறாது என்று மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கல்லூரி விசாரித்தது. விதியை மீறிக் கண்ணாடியைக் கழற்றியது அவள் தவறு என்று ஆராய்ச்சியிலிருந்தே நீக்கப் பார்த்தார்கள். கழற்றச் சொன்னது நான் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக சார்" என்று அவள் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டபோதுகூடச் சொல்லவில்லை.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், அந்தத் தூளை எடுத்து வைக்க லேசர் அறைக்குப் போனேன். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினேன், கரண்ட் போய்விட்டது. சாரல் காலம், கதவு மழையில் ஊறி நிலையோடு இறுகிப்போயிருந்தது. இழுத்தும் அசையவில்லை. போன் வெளியே மேசையில்.

அப்போதுதான் தூள் இருந்த இடத்தில் அந்தப் பச்சையைப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவு. லேசருக்கு மின்சாரமே இல்லை, உள்ளே ஒளி போகாமல் வெளியே ஒளி வராது, இதை நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கையால் மூடினேன், மறைந்தது. கையை எடுத்தேன், இருந்தது. மனப்பிரமை கைக்கு மறையுமா, நீங்களே சொல்லுங்கள். பார்த்துக்கொண்டே இருந்தவன் ஏதோ தோன்றி இடக்கண்ணை மூடினேன். பச்சையைக் காணோம். சுற்றிலும் அதன் வெளிச்சத்தில் மங்கலாக மேசை விளிம்பு தெரிகிறது, என் விரல்கள் தெரிகின்றன. நான் எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்லை.

கதவைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. யாருமில்லாத கட்டடத்தில் அந்தப் புள்ளியும் நானும். கடைசியில் அட்டெண்டர் பாண்டி கதவை உதைத்துத் திறந்தான். "என்ன சார், உள்ளயே குடியிருக்கப் போறீகளா?" என்றான். வெளிச்சத்துக்கு வந்ததும் கண் சரியாகிவிட்டது.

மறுநாள் கூட்டத்தில், கழற்றச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். என்னை அனுப்பிவிட்டார்கள், அவளை ஆராய்ச்சியில் தொடர விட்டுவிட்டார்கள். அதைச் சொல்ல அன்றே ஜெயமங்கலம் போனேன். அறையில் மாட்டிக்கொண்டதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஜான்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நேத்துச் சாயங்காலம் வலது கண்ணு முழுசாத் தெரிஞ்சுச்சு சார்" என்றாள். "ஆனா தெரிஞ்சது இங்கன உள்ளது இல்ல. நம்ம லேப் கதவு, உள்பக்கம். யாரோ தட்டிக்கிட்டே இருந்தாக. நரம்பு தெரியிற கை." சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள்.

பாண்டி சொல்லியிருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டேன். இதுவரை அவனிடம் கேட்கவில்லை.

போன வாரம் காலையில் நிலைக்கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஜான்சி போன் செய்தாள், வீடியோ இல்லை, வெறும் குரல்தான். ஆய்வேட்டில் ஒரு சந்தேகம், சொன்னேன். வைக்கப்போகும்போது கொஞ்சம் தயங்கினாள்.

"காதோரம் சோப்பு இருக்கு சார்."

இருந்தது. துடைப்பதற்கு முன் வலக்கண்ணை மூடிக்கொண்டேன்.