லெட்சுமி அக்காவின் கல்வீடு

போன வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தித் தரச்சொல்லி ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். தலைப்பு, 'உழைப்பே உயர்வு'. எல்லாக் கட்டுரையிலும் ஓர் ஏழை விவசாயி பாடுபட்டு, கடைசிப் பந்தியில் தவறாமல் கல்வீடு கட்டியிருந்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த வீட்டை நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கனகராயன்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். தங்கியது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில். பள்ளிக்கூடம் விட்டால் கதைக்க ஆளில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு அப்பால் லெட்சுமி அக்கா இருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பற்றைக்காட்டைத் தனியாளாக வெட்டி, மிளகாய்க் கன்று நட்டு, குளத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். காலையில் அந்தக் குடம் தளும்பும் சத்தத்தில்தான் நான் கண்விழிப்பேன். வீட்டில் யாரோ எனக்கு முன்னே எழும்பி நடமாடுவது போல ஓர் ஆறுதல்.

அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். கதையில் மிளகாய் காய்த்துக் குலுங்கியது; அக்கா ஓடு போட்ட கல்வீடு கட்டினார். ஒரு பேப்பரின் வாரமலரில் அது வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வேலியால் பாய்ந்ததில் சேலை கிழிந்ததுதான் எனக்குக் கிடைத்த பரிசு. எழுத்துத் தெரியாத அவருக்குப் பாத்தியோரம் குந்தியிருந்து முழுக்க வாசித்துக் காட்டினேன்.

"அந்த வீட்டுல எத்தன ரூம்பு டீச்சர்?"

நான் அதை யோசித்ததேயில்லை. "ரெண்டு, அக்கா."

"ஜன்னல் இருக்கா? தோட்டத்து லய வீட்டுல எங்களுக்கு ஜன்னலே கெடையாது."

"ஓம், நாலு இருக்கு." அந்த இடத்திலேயே வைத்துக் கொடுத்தேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "கதையில நா நல்லா இருக்கேன் டீச்சர்."

மிளகாய் பூக்கத் தொடங்கியபோது காணிக்காரர் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்தார். சத்தம் போடவில்லை. "காடாக் கிடந்தபடியால் இவ்வளவு நாளும் வரேல்ல," என்றார்.

"இவாதான் ஐயா அதை வெட்டினவா," என்றேன்.

"தெரியும் பிள்ளை. வடிவா வெட்டியிருக்கிறா."

அக்கா வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனார்.

அக்கா காணியை விட்டுப் புறப்படுகிற நாள், விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மூட்டையைக் கட்டிவைத்துவிட்டுக் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இனியும் ஏன் அக்கா?"

"வெயில் ஏறுனா வாடிரும்ல."

கண்டாவளையில் சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்லி பஸ் ஏறினார். அதன்பிறகு அந்த அறையில் இருக்கப் பிடிக்காமல் மாற்றம் கேட்டு எழுதினேன். கதை எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடம், அறை, வேலி எல்லாம் பின்னாளில் சண்டையில் போயின. சண்டை ஓய்ந்த பிறகு ஒருநாள் கண்டாவளையில் இறங்கி விசாரித்தேன். சைக்கிளை நிறுத்திய ஒருவர் அக்கறையாகத்தான் கேட்டார்: "எந்த லெட்சுமி? ஆற்றை மகள், தகப்பன் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் நான் அதைக் கேட்டிருக்கவில்லை.