டேங்க் பக்கிரிக்குத் தண்ணி வந்த கதை

மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே மோட்டார் போட்டு, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பக்கிரிக்கு. டேங்க் பக்கிரி என்றால்தான் ஆளே தெரியும். இருபத்தோரு வருஷமாக ஊர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி எப்ப வரும்?" அவர் சொன்னதும் ஒரே பதில்: "வரும் வரும்." நேரத்தை மட்டும் வாயிலிருந்து பிடுங்க முடியாது. "சொல்லிட்டா எவன் நம்மள மதிப்பான்?" என்பார் மனைவி சின்னம்மாளிடம். நாலாம் தெரு ஞானாம்பாள், மாமா முறை வைத்துக் கூப்பிடுகிறவள், பச்சைக் குடத்தோடு குழாயடியில் நின்று அவரை வைத வசவுக்குக் கணக்கே கிடையாது.

அந்த மனுஷனுக்கு 2009-ல் நுரையீரலில் கட்டி வந்தது. அதுவும் என்ன கட்டி? நீர்க்கட்டி! "ஊருக்கு வுடாத தண்ணியெல்லாம் உள்ளயே தங்கிடுச்சு" என்றாள் ஞானாம்பாள்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள். வலி தெரியாமலிருக்க முதுகில் மெல்லிய குழாய் வழியாக மருந்து. சிறுநீருக்கு இன்னொரு குழாய், கட்டிலோரம் ஒரு பை. பார்க்க வந்த சனம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பையில் எவ்வளவு என்று பார்த்தது. பக்கிரிக்கு மானமே போயிற்று.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் பிரிசில்லா வந்தாள். "முதுகு ட்யூப் இருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கும், அதான் வழக்கம். ஆனா ரொம்ப நாள் வெச்சா கிருமி சேரும். டாக்டர் இன்னிக்கே எடுக்கச் சொல்லிட்டாரு" என்று சிறுநீர்க் குழாயை உருவிவிட்டாள். "மருந்தால உணர்ச்சி மந்தமா இருக்கும் ஐயா. ஆறு மணி நேரத்துல தானா போவலன்னா திரும்பப் போட்டுடுவோம்."

திரும்பவுமா! மறுபடியும் சனம் பையை எட்டிப் பார்க்குமே!

பத்து மணிக்குப் பிரிசில்லா கேட்டாள். "வந்துச்சா, ஐயா?"

"வரும் வரும்."

பன்னிரண்டுக்கும் கேட்டாள். "வரும் வரும்மா."

"எப்ப?"

ஊரில் இந்தக் கேள்வி வந்தால் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். இங்கே எங்கே போவது?

ஒன்றரைக்கு அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "டேங்க் ஃபுல்லா இருக்குது" என்றாள் பிரிசில்லா. அளவு பாட்டிலோடு சின்னம்மாள் அவரைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப் போனாள். நின்றார். சொட்டுக்கூட இல்லை.

"கொழாயத் தொறடி, சத்தம் கேட்டா வரும்."

திறந்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

வெளியே பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம், "தண்ணி எப்பம்மா வரும்?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"வரும் வரும்" என்றாள் ஆயா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பக்கிரிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடப்பாவி, இந்தப் பதிலையா இத்தனை வருஷம் ஊருக்குக் கொடுத்தோம் என்று அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஞானாம்பாள் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரித் தண்ணி மாமாவுக்கு ஒத்துக்காது என்று, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதே பச்சைக் குடத்தில் ஊற்றி, வாயைத் துணியால் வேடுகட்டி, இரண்டு பஸ் மாறித் தூக்கி வந்திருந்தாள். சின்னம்மாள் விஷயத்தைச் சொன்னாள். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. கதவோரம் கிடந்த காலி பக்கெட்டை இழுத்துப் போட்டு, இடுப்புக் குடத்தைச் சாய்த்தாள்.

"மாமோவ், தொறந்து வுட்டுட்டேன். புடிச்சிக்கோ!"

குடம் பாதி காலியாவதற்குள் உள்ளேயும் சளசளவென்று சத்தம். மணி இரண்டுக்குப் பத்து. சின்னம்மாள் சந்தோஷம் தாங்காமல் கத்தினாள்: "தண்ணி வந்துடுச்சு!"

அவ்வளவுதான். காலையிலிருந்து காய்ந்து கிடந்த வார்டே பக்கெட்டும் பாட்டிலுமாக ஓடி வந்தது. நிறைந்த பாட்டிலோடு வெளியே வந்த பக்கிரியை எல்லோரும் மறித்துக்கொண்டார்கள்.

"இது வேற தண்ணிப்பா" என்றார் கூச்சத்தோடு.

"அப்ப அது எப்ப சார் வரும்?"

நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டார். "வெறும் காத்துதான் வருது, மோட்டார் கோளாறு. சரிபண்ணி டேங்க் ரொம்பணும், நாலு மணிக்கு முன்ன வராது. நிக்காதீங்க, போயி ஒக்காருங்க."

ஞானாம்பாள் வாயைப் பிளந்தாள். "யக்கா, நேரத்தச் சொல்லிட்டாரு! கட்டியோட இன்னாத்தையோ சேத்து எடுத்துட்டாங்க போலிருக்கே!"