எடைமேடைக்காரரின் ஐந்து நாள் பட்டினி

இருபத்திரண்டு வருடமாக லாரிகளை எடை போடுபவர் அவர். சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. கழித்தால் வருவது சரக்கு. சரக்கோடு வரும்போது கேன்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, காலி எடைக்கு முன்னால் கொட்டிவிடும் டிரைவர்களைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். ஏமாற்ற முடியாத மனிதர் என்று பெயர்.

சீட்டு கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்தது. லாரிக்காரர்களே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்காக அவ்வப்போது அவரிடம் ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை, ரத்தத்தில் ஹார்மோன்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். ஒன்று, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும். இன்னொன்று ரத்தக்குழாய்களுக்கு நல்லது. ஆனால் அதே நல்லது இதய நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தால் சிலருக்குக் கெட்ட அறிகுறியாம். ஏன் என்று முழுதாகத் தெரியவில்லை, அதனால்தான் உங்கள் ரத்தம் வேண்டும் என்றார். இவ்வளவிலும் நம்மவர் காதில் ஏறியது கொழுப்பு என்ற ஒரு சொல்தான். அது சரக்கு, கழித்துவிட வேண்டியதுதான்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. வேலைக்குத் திரும்ப டாக்டரம்மாவின் கையெழுத்து அன்றுதான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஐந்து நாளும் அவர் மாத்திரையும் தண்ணீருமாக இருந்தார். எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ரத்தம் கொடுத்தார்.

கையெழுத்து வரவில்லை. ரத்தம் எடுக்கும் பெண்ணிடமிருந்து போன்தான் வந்தது. மனைவியோடு போனார்.

“நாலு கிலோ குறைஞ்சதுக்கு, ‘போதும்’னு சொல்ற ஹார்மோன் இவ்வளவு விழாது சார். சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?” என்றாள் அந்தப் பெண்.

“தினமும் நான்தானேம்மா டப்பால வெச்சுட்டு வேலைக்குப் போறேன்” என்றார் மனைவி.

அவர் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தார். பிறகு, பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டதாகச் சொன்னார்.

“அதானா? அது என்னைப் பாத்தாலே வாலாட்டுது. நான் ஏதோ என் முகராசின்னு இருந்தேன்” என்றார் மனைவி.

டாக்டரம்மா திட்டவில்லை, அது இன்னும் வலித்தது. “புண்ணு ஆறுற நேரத்துல இதயத்தைப் பட்டினி போட்டா அது எப்படிங்க தேறும்?” என்று மட்டும் கேட்டார். கையெழுத்து மூன்று வாரம் தள்ளிப்போனது.

அந்த மூன்று வாரமும் அவர் அளவாகச் சாப்பிட்டார். மனைவி எதிரில் உட்கார்ந்து பார்த்தார். சாயங்காலம் இருவரும் நடந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு சேர்ந்து நடந்ததில்லை. ஸ்கேனில் இதயம் நன்றாகத் தேறியிருந்தது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தோடு அவர் நேராக ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனார்.

“நீ அன்னிக்கு போன் பண்ணலன்னா வேலைக்குப் போயிருப்பேன்மா. எடைமேடை நாற்காலியிலயே போயும் சேந்திருப்பேன்.”

கையை நீட்டச் சொன்னாள். நரம்பு அகப்படாமல் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நன்றி சொன்னார்.