காலண்டரில் முந்திக்கொண்ட பட்டம்

கயல், முத்து, நேற்றுச் சாயங்காலம் நீங்கள் இருவரும் மல்லுக்கட்டியபோது நான் வாயே திறக்கவில்லை என்று உங்கள் அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பேங்கில் கடன் வாங்கி இன்ஜினியரிங் படிக்கலாமா வேண்டாமா என்பதுதானே சண்டை? முத்து, நீ பக்கத்துத் தெரு அண்ணனைச் சொன்னாய். பி.இ. முடித்துவிட்டு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறான், பெட்டி எண்ணுவதற்கு எதற்கு அம்புட்டுக் கடன் என்றாய். கயல், நீ கடைசியில், "வேணாம்ப்பா, நான் ஏதாச்சும் கம்பெனி ஆபீசுக்கே வேலைக்குப் போயிர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். அப்போது நான் பெரிதாக யோசித்துக்கொண்டிருக்கவில்லை. நீ மேசையில் போட்டுவிட்டுப் போன அந்தக் காலேஜ் விளம்பரப் புத்தகத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். அது எங்கள் பிரஸ்ஸில் அடித்தது. அதன் மூன்று ஓரத்தையும் கட்டிங் மிஷினில் வெட்டியவன் நான்தான். வெட்டும்போது என் மகளே இதைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வாடுவாள் என்று தெரிந்திருந்தால், கொஞ்சம் கோணலாக வெட்டியிருப்பேனோ என்னவோ. அட்டையில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண், கையில் சுருட்டிய காகிதத்தோடு பல் தெரியச் சிரிக்கிறாள். வழவழப்பான தாள், புது மை வாசனை. எனக்கு மட்டும் அந்த மை வாசனைக்கு உள்ளேயிருந்து வத்தல் நெடி வந்தது. தும்மல்கூட வந்துவிட்டது. அந்தத் தும்மலில் இருந்துதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

வத்தல் நெடி என்றால் விருதுநகர். உங்கள் தாத்தா, எங்கள் அய்யா, அங்கே ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் எடை போடுகிறவர். அய்யா வீட்டுக்குள் வருவதற்கு முன்பே நாங்கள் தும்முவோம். அம்மா சோற்றை எடுத்து வைத்துவிடுவாள். மண்டிக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அதில் ஒரே ஒரு பட்டமளிப்பு அங்கி. ஊரில் பட்டம் வாங்கிய எல்லாரும், குட்டையோ நெட்டையோ, அந்த ஒரே அங்கிக்குள்தான் புகுந்து வெளியே வர வேண்டும். உங்கள் செண்பகம் அத்தைக்கு அது தரையில் புரண்டது. ஸ்டுடியோக்காரர் முதுகுப் பக்கம் துணி கிளிப்பாகப் போட்டு இழுத்துப் பிடித்தார். முன்னால் இருந்து பார்த்தால் பட்டதாரி, பின்னால் இருந்து பார்த்தால் துணி காயப்போடும் கொடி.

கையில் பிடிக்கச் சுருட்டிய காகிதம் வேண்டுமே. அப்போது நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு (கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது என்று நான் சொல்வேன், கணக்கு வாத்தியார் வேறு மாதிரிச் சொல்வார்) தினமும் பஸ் ஏறிச் சிவகாசிக்கு, இதே பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் பையில் ஒரு சங்குசக்கர லேபிள் தாள் கிடந்தது. வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். ஆகவே அத்தை அந்தப் போட்டோவில் கம்பீரமாகப் பிடித்திருப்பது ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட பட்டாசு லேபிள். கண் கலங்கியிருப்பது வத்தல் நெடியில். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்றே இன்றுவரை நம்புகிறார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். போட்டோ எடுத்தது மார்கழி மாசம். அத்தைக்குக் கடைசிப் பரீட்சையே அதற்கடுத்த சித்திரையில்தான்.

அவசரம் அய்யாவுக்கு. அத்தையின் படிப்புக்காக அவர் மண்டி அண்ணாச்சியிடமும் எங்கள் மாமாவிடமும் கடன் வாங்கியிருந்தார். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசல்படியை மிதித்த முதல் ஆள் அத்தைதான். கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி போக ஒரு மரியாதையும் செய்ய வேண்டும் என்று அய்யாவுக்கு ஆசை. சீசன் முடிவில் பிரஸ்ஸில் மிஞ்சும் அட்டையில் எங்களைப் போன்ற ஆட்கள் சொந்தத்துக்குக் கொஞ்சம் காலண்டர் அடித்துக்கொள்ள முதலாளி விடுவார். மேலே அங்கியோடு அத்தை, கீழே தினசரித் தாள் கட்டு, நடுவில் பெயர். "அவுக காசு என்னாச்சுன்னு தெனமும் பாத்துக்கிரட்டும்" என்றார் அய்யா.

காலண்டர் அடித்து வந்ததும் அத்தை பார்த்தது தன் முகத்தை அல்ல, பெயரை. "செண்பகம், பி.எஸ்ஸி." என்று இருந்தது.

"அய்யா, நான் இன்னும் பரீச்சையே எழுதலய்யா."

"ஏத்தா, அமாவாசை வந்த பெறகா அமாவாசைன்னு அச்சடிக்காக? காலண்டர் வருசம் பூரா தொங்குறது. பட்டத்தைப் போடாம விட்டா, நீ பாஸான பெறகு அது தப்பாப் போயிரும்ல?"

அத்தை என்னைப் பார்த்தாள். நானே காலண்டர்க்காரன். வரப்போகும் வருஷத்தின் நல்ல நேரத்தையும் விடுமுறையையும் இந்த வருஷமே அடித்துக் கட்டி லோடு ஏற்றுகிற ஊரில் வேலை பார்க்கிறவன். எனக்கு அய்யா பேச்சு ரொம்பச் சரியாகவே பட்டது.

காலண்டர் வீடு வீடாகப் போய் ஆணியில் ஏறியது. சித்திரை வந்தது, பரீட்சை முடிந்தது, ஆனியில் முடிவும் வந்தது. ஒரே ஒரு பேப்பர், பிசிகல் கெமிஸ்ட்ரி, போய்விட்டது.

அத்தை அழவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டருக்கு முன்னால் நின்று, அங்கி போட்ட தன்னையே ஏதோ கடன்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அய்யா எல்லா வீட்டுக்கும் போய்க் காலண்டரைத் திரும்ப வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். அம்மாதான் தடுத்தாள்.

"காலண்டரைக் கேட்டுப் போனா, அவுக கடனைக் கேக்க மாட்டாகளா?"

அய்யா செருப்பைக் கழற்றிவிட்டார்.

கேலி செய்யாத ஆள் இல்லை. மாமா வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். "என்ன மருமகளே, காலண்டர்ல பாஸு, காலேஜ்ல பெயிலா?"

அத்தை அவருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, "டிசம்பர் வரைக்கும் தேதி கெடக்குல்ல மாமா. நீங்க பாட்டுக்குக் கிழிச்சுக்கிட்டே இருங்க" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் வீட்டில் தேதி கிழிப்பது அவள்தான். கிழித்த தாளின் பின்பக்கத்தில் சூத்திரம் எழுதிப் பார்ப்பாள். பரீட்சைப் பணத்துக்காக அம்மாவோடு உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டி ஒட்டினாள். பசை கை புத்தகத்தில் பட்டு இரண்டு மூன்று பக்கம் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பக்கத்தில் இருந்துதான் கேள்வி வந்தது என்று கார்த்திகையில் மறுபரீட்சை எழுதிவிட்டு வந்து சொன்னாள். அவள் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். இரண்டாம் தடவையும் போனால் மூன்றாம் தடவைக்குக் கடன் கேட்க அய்யாவுக்கு வேறு ஆள் இல்லை. அது எங்கள் நான்கு பேருக்குமே தெரியும்.

மண்டி அண்ணாச்சி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மண்டியில் தொங்கிய காலண்டரில் பி.எஸ்ஸி. இருந்த இடத்தில் பழுப்புக் காகிதம் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். அய்யா அதைப் பார்த்து முகம் சுண்டிப் போய் நிற்க, அண்ணாச்சி, "வத்தல் தூசி படுதுல்ல, அதான் மூடி வச்சேன்" என்றாராம். அவ்வளவு பெரிய அட்டையில் தூசி தேடிப் பிடித்து அந்தப் பட்டத்தின் மேல் மட்டும் போய் விழுகிறதாக்கும்.

டிசம்பர் கடைசியில், காலண்டரில் தேதிக் கட்டு மெலிந்து கொசுவலை மாதிரி ஆடிக்கொண்டிருந்த நாளில், காலேஜ் போர்டில் முடிவு ஒட்டினார்கள். அத்தை வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் போய் அவள் நம்பரைப் பார்த்தேன், விரல் வைத்து இன்னொரு தடவை பார்த்தேன், அங்கிருந்த வாட்ச்மேனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். பாஸ். சைக்கிளை நேராக மண்டிக்கு விட்டேன். என்னைப் பார்த்ததும் அய்யா எடையைப் பாதியில் விட்டார். தராசில் கை வைத்தபடி நின்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் மூட்டை மேல் ஏறி அந்தப் பழுப்புக் காகிதத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

பட்டமும் சேர்ந்து வந்துவிட்டது. அண்ணாச்சியின் பசை அப்படி. வருஷம் முழுக்க இல்லாத பட்டத்தோடு தொங்கிய பெயர், பட்டம் கிடைத்த அன்று மொட்டையாக நின்றது.

மண்டியே சிரித்தது. சிரித்ததில் எல்லாருக்கும் நெடி ஏறித் தும்மல். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏலே, நீ பிரஸ்காரன்தான? எழுதுலே" என்று சாக்கில் அடையாளம் போடுகிற மையையும் பிரஷ்ஷையும் என்னிடம் தள்ளினார். எழுதினேன். சாக்குப் பிரஷ்ஷில் சின்னதாக எழுத வராது. பி.எஸ்ஸி. அத்தையின் பெயரைவிடப் பெரிதாக விழுந்தது. ஒரு எழுத்தின் வால் அவள் மோவாய் வரை ஏறிவிட்டது.

முத்து, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அத்தை பட்டாசு மருந்து சோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் சம்பளம் என் சம்பளத்தைவிடக் குறைவு. நான் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் அவளிடம் ஓசியில் பரோட்டா சாப்பிட்டேன். கடன் அடைய வருஷக்கணக்கானது. என் ஓவர்டைமும் அதில் போனது. வெறும் ரூபாயாகப் பார்த்தால் நீ சொல்வது பல வருஷத்துக்குச் சரிதான். பக்கத்துத் தெரு அண்ணனுக்கும் இன்னும் வழி பிறக்கவில்லை, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அத்தை பிறகு அதே ஆய்வகத்துக்கே பொறுப்பாளர் ஆனாள். அந்த நாற்காலிக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பம்கூடப் போட முடியாது. இப்போதும் ஒரு சரக்கு சரியில்லை என்றால் லாரியைத் திருப்பி அனுப்புகிறாள். முதலாளிகள் "சரிங்க மேடம்" என்கிறார்கள். இதெல்லாம் வரும் என்று அந்த மார்கழியில் யாருக்கும் தெரியாது. அய்யாவுக்கும் தெரியாது. அவர் தெரிந்த மாதிரி அச்சடித்துவிட்டார், அவ்வளவுதான்.

கயல், உனக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல், விட்டுவிடுவோம். கடனுக்குப் பயந்து சொல்லாதே. பிடித்திருந்தால், நாளைக்கே பேங்குக்குப் போய் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பேப்பர் போனாலும் பரவாயில்லை, இந்த வீட்டுக்கு அது பழக்கம்தான்.

அந்த ஸ்டுடியோ இப்போது செல்போன் கடை. அந்த ஒரே அங்கி எங்கே போனதோ. மண்டி இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். அண்ணாச்சியும் இல்லை, அய்யாவும் இல்லை. தேதியை எல்லாரும் போனில் பார்க்கிறார்கள். பரீட்சை முடிவும் போனிலேயே வந்துவிடுகிறது, விரல் வைத்துப் பார்க்க போர்டு இல்லை. அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்கு இப்போது தும்மல் வருவதில்லை.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டு பிரஸ்ஸுக்குப் போனேன்; திரும்பி வந்து பிரித்து இதையும் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை. அய்யா தொடங்கிவைத்த பழக்கத்தில் வருஷா வருஷம் நம் நான்கு பேர் பெயரையும் போட்டு அடிக்கிறோமே, அந்த வீட்டுக் காலண்டரின் மாதிரித் தாள் மேசையில் கிடந்தது. மண்டி மூடியபோது அண்ணாச்சி கொடுத்த அத்தையின் பழைய காலண்டர் அட்டை என் டிராயரில் இருக்கிறது. அதை எடுத்துத் துடைத்தேன். சாக்கு மையில் நான் எழுதிய எழுத்துகளின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து அகலத்தை அளந்தேன். மாதிரித் தாளில் கயல் என்ற பெயருக்குப் பக்கத்தில் அதே அளவுக்குப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல், முத்துவின் பெயரைக் கீழ் வரிக்குத் தள்ளினேன்.