முன்சக்கரம் தூக்கும்போது கூப்பிடாதே

மாவக்காவுக்கு முகம் ஞாபகத்தில் நிற்காது, எலும்பு நிற்கும். கடைத்தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அவர் நடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும். "அடடே, வலது கணுக்கால்! படிக்கட்டுல உருண்டவர்தானே? இப்ப நல்லா ஊனி நடக்கறீங்களா?" என்பாள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக மாவுக்கட்டு போடுகிறவள் என்பதால் டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் மாவக்காதான். வீட்டுக்காரர்கூட ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எலும்புப் பிரிவின் கடைசி அறை அவளுடைய ராஜ்ஜியம். நடுவே உயரமான கட்டில், மூலையில் தொட்டி, சுவரோரம் பஞ்சுச் சுருளும் மாவுத்துணிச் சுருளும் அடுக்கிய அலமாரி. சுருளைத் தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, லேசாகப் பிழிந்து, உள்ளங்கையாலேயே தடவித் தடவிச் சுற்ற வேண்டும். விரல் நுனி பதிந்தால் அந்த இடம் குழிந்து உள்ளே சதையை அழுத்தும். மாவக்கா போட்ட மாவுக்கட்டில் அரைக் குழியைக்கூட யாரும் கண்டதில்லை. இதை நான் சொல்லவில்லை. அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வது.

அந்தக் கட்டிலில் வந்து படுப்பவர்களில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிள்காரர்கள். அதிலும் ரோட்டில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிவிட்டு வருகிற ரகத்தைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒத்தச் சக்கரத்துல போறதுக்கு எதுக்குடா ரெண்டு சக்கர வண்டி வாங்கினே?" என்று கேட்டுக்கொண்டேதான் பஞ்சைச் சுற்றுவாள். அவன் வலியில் அலறுவானா, பதில் சொல்வானா?

இப்படிப்பட்ட மாவக்காவின் ஒரே மகள், இருபத்துமூன்று வயது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினாள். சட்டை விலகிய இடத்தில் இடுப்போரம் கன்றிப்போயிருந்தது. மாவக்கா துணிக் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு மகளை அப்படியே திருப்பிப் பார்த்தாள்.

"விழுந்திருக்கே."

"கடையில மேஜை இடிச்சிருச்சும்மா." மகளுக்குக் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை.

"யாருகிட்ட கதை விடறே? மேஜை இடிச்சா ஒரு இடத்துல இருக்கும். இது இடுப்பு, விலா, தோள்பட்டைன்னு வரிசையா இருக்கு. உருண்டிருக்கே. உள்ளங்கையைக் காட்டு. பாரு, ஒரு கீறல் இல்ல! கையை ஊனாம மடக்கிக்கிட்டு விழுந்திருக்கே. இத்தனை வருஷத்துல இவ்வளவு லட்சணமா விழுந்த ஒரு ஆளை நான் பாத்ததில்லைடி. யாரு சொல்லிக்குடுத்தது?"

கோபத்தோடு ஆரம்பித்த பேச்சு, தொழில் புத்தியால் பாராட்டில் போய் முடிந்துவிட்டது. மகள் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை.

"மாஸ்டர்தான்மா. பைக் சாகச வகுப்பு. அஞ்சு வாரமாப் போறேன்."

அடுத்த அரைமணி நேரம் மாடியில் நடந்ததை அக்கம்பக்கத்து மாடிகள் அத்தனையும் கேட்டன. "கீழ விழறதுக்கு ஒரு வகுப்பா? ஊர்ல எல்லாரும் வகுப்பு இல்லாமலே நல்லாத்தானே விழறாங்க!" என்றாள் மாவக்கா. ஏணிப்படியில் நின்றிருந்த வீட்டுக்காரர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், எந்தச் சண்டையிலும் கட்சி சேராதவர், வாளியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டார்.

"தினமும் எட்டு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து அரிசி அளவு திருகாணியைக் கழட்டி மாட்டறேன்மா" என்றாள் மகள். "வாரத்துல ஒரு காலைப்பொழுது நிமிர்ந்து உக்காறேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு. நீ வந்து ஒரு தடவை பாரு. பாத்துட்டு வேணாம்னு சொல்லு."

வேண்டாம் என்று சொல்வதற்காகவே மாவக்கா அடுத்த ஞாயிறு போனாள். பழைய கிடங்கு ஒன்றின் பின்னால் பெரிய சிமென்ட் முற்றம். ஓரத்தில் மெத்தைகள், பழைய டயர்களை அடுக்கிய தடுப்பு, ஆறேழு சின்ன வண்டிகள். வண்டிகளின் பக்கவாட்டில் கால் நசுங்காமல் இருக்க இரும்புக் கூண்டு. பின்னால், வண்டி மல்லாந்துவிடாமல் தரையில் முட்டுகிற கம்பி. ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு கயிறு. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணைந்துவிடும். தலை முதல் முழங்கால்வரை கவசம். மாவக்கா திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். கிடைக்காதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாஸ்டர் வந்து கும்பிட்டார். முகம் பிடிபடவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள்.

"இடது மணிக்கட்டு! வலது முழங்கை! அப்புறம் ஒரு கணுக்கால்! மூணு தடவை வந்து என் உயிரை வாங்கினவன்தானே நீ? நீயா மாஸ்டர்?"

"நானேதான்க்கா" என்று நெளிந்தார் மாஸ்டர். "அந்த மூணும் நானா ரோட்டுல கத்துக்கிட்டப்ப வந்தது. ஒருத்தர்கிட்ட முறையாப் படிச்சப்பறம் ஏழு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட வந்தேனா?"

மாவக்கா யோசித்துப் பார்த்தாள். வரவில்லைதான். ஆனாலும் அதை உடனே ஒப்புக்கொண்டுவிட முடியுமா என்ன?

"அப்ப இது பத்திரம்ங்கறியா?"

"பத்திரம்னு பொய் சொல்ல மாட்டேன்க்கா. விழாம யாரும் இதைக் கத்துக்க முடியாது. எப்படி விழறது, எங்க விழறது, அதைத்தான் மொதல்ல சொல்லித்தரேன். மூணு வாரம் மெத்தைலதான். அப்புறம் பின்பிரேக். முன்சக்கரம் ரொம்ப எழும்பினா வலது காலால பின்பிரேக்கைத் தொட்டாப் போதும், இறங்கிரும். அந்தக் கால் தூக்கத்துலயும் தானாப் பிரேக்கைத் தொடற வரைக்கும் சக்கரத்தைத் தூக்க விடமாட்டேன். ரோட்டுல யாராவது வித்தை காட்டினது தெரிஞ்சா அன்னைக்கே வெளிய."

"இதனால என்ன பிரயோசனம்?"

"வண்டி வழுக்கினா உங்க பொண்ணு பதற மாட்டா. அது ஒண்ணு. மத்தபடி சந்தோஷம்தான்க்கா. அதுக்குமேல பெருசா ஒண்ணும் இல்ல."

இப்படி நேராகப் பேசுகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? மாவக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வேன் என்றாள். அங்கே இன்னொரு விதியும் இருந்தது: வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் ஆளை யாரும் பேர்சொல்லியோ வேறு எப்படியோ கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கண் திரும்பும். கண் போன பக்கம் தலை போகும். தலை போன பக்கம் வண்டி போகும். "எனக்கென்ன, நான் ஊமை மாதிரி இருப்பேன்" என்று மாவக்கா வாக்குக் கொடுத்தாள்.

மடியில் பையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்ததும் மாணவர்கள் கவசத்தின் வாரை இன்னொரு முறை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்: பஞ்சு, துணிப்பட்டை, முறிந்த எலும்பு அசையாமல் வைத்துக் கட்டுகிற அட்டைச் சிம்பு. "அக்கா, நீங்க உக்காந்திருக்கிறது ஆம்புலன்ஸ் நிக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்று ஒருத்தன் கெஞ்சினான். "உன் இடது தோள் இறங்கியிருக்கே, பழைய அடியா?" என்று பதில் கேள்வி கேட்டாள் அவள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

நாலாவது ஞாயிறு, மகள் முதல்முறையாக முன்சக்கரத்தைத் தூக்க வேண்டிய நாள். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பி வந்தாள். எஞ்சின் சத்தம் கூடியது. சக்கரம் ஒரு ஜாண் எழும்பியது, இரண்டு ஜாண் ஆனது. மகள் பின்னால் சாய்ந்து சிலையாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்துடி!"

மகள் நடை பழகிய நாளிலிருந்து வாசற்படியிலும் மாடிப்படியிலும் ஈரத்தரையிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்துவிட்டது. மகள் தலையைத் திருப்பினாள். வண்டி அம்மா இருந்த பக்கம் சாய்ந்தது. கற்றுக்கொண்ட பாடமெல்லாம் அந்த ஒரு நொடியில் மறந்துபோக, கையை நீட்டி ஊன்றிக்கொண்டு விழுந்தாள்.

மாவக்கா ஓடிப்போய்க் கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. பையைத் திறந்து சிம்பு வைத்துக் கட்டினாள். அதற்குள் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துவிட்டார். அவர் மாவக்காவைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு, "எப்படி அடிபட்டுது?" என்றார்.

"நானேதான் விழுந்தேன் டாக்டர்" என்றாள் மகள்.

"இல்ல டாக்டர்" என்றாள் மாவக்கா. "நான் கத்தினேன். கத்தக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தாங்க. கத்திட்டேன். அதையே எழுதுங்க."

"இதை எப்படிம்மா எழுதறது?"

"அம்மா கூப்பிட்டதால்னு எழுதுங்க."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சொன்னபடியே எழுதினார். எலும்பை நேராக்கி முடித்ததும் வழக்கம்போலக் கட்டு அவள் பொறுப்பு. சுருளைத் தண்ணீரில் போட்டாள். குமிழி அடங்கியது. எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். உள்ளங்கைக்குப் பதிலாக விரல்கள் பதிந்து, கட்டு முழுக்கக் குழி விழுந்தது. பிரித்துப் போட்டுவிட்டு இன்னொரு சுருளை எடுத்தாள்.

"பாத்தும்மா!" என்றாள் மகள், வலியோடு வலியாக.

மாவக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வாயை மூடுடி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றி முடித்தாள்.

ஆறு வாரம் கட்டு. வீட்டுக்காரர் அதிசயமாக வாயைத் திறந்து, "இனிமே அங்க போக வேணாம்னு சொல்லிடேன். இப்பச் சொன்னா கேட்டுக்குவா" என்றார். அது மாவக்காவுக்கும் தெரியும். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வந்து வந்து போனது. மகளோ போகட்டுமா என்று கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் மாவக்காவால் தாங்க முடியவில்லை.

மாவுக்கட்டை வெட்டி எடுத்த அடுத்த ஞாயிறு அவள் தனியாக மாஸ்டரிடம் போனாள்.

"தம்பி, கை பழைய பலத்துக்கு வர ரெண்டு மாசம் ஆகும். அப்புறம் அவ வருவா. நானும் வரணும். ஆனா வாயை மூடிக்கிட்டு இருக்க எனக்குத் தெரியல. அதை எனக்கும் கத்துக்குடு."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். இப்படி ஒரு மாணவி அவருக்கு இதுவரை வந்ததில்லை. கடைசியில், மற்றவர்கள் ஓட்டுவதைச் சத்தமில்லாமல் ஒரு முழுக் காலை பார்த்து முடித்தால் தேர்ச்சி என்று முடிவாயிற்று. முதல் ஞாயிறு பத்தாவது நிமிடத்திலேயே "ஐயையோ!" என்று தோற்றாள். இரண்டாவது வாரம் ஒருவன் மெத்தையில் சரிந்தபோது "முழங்கையை மடக்குடா!" என்று தோற்றாள். சரியான அறிவுரைதான், இருந்தாலும் தோல்விதான் என்றார் மாஸ்டர். மூன்றாவது வாரம் உதட்டைக் கடித்தாள். நாலாவது வாரம் கைக்குட்டையைக் கடித்தாள். எட்டாவது வாரம் ஒருவன் டயர் தடுப்பில் போய் முட்டிக் குட்டிக்கரணம் போட்டபோதுகூட அவளிடமிருந்து மூச்சுச் சத்தம்தான் வந்தது. பையன்கள் எல்லாரும் ஹெல்மெட்டைத் தட்டி, "மாவக்கா பாஸ்!" என்று கூத்தடித்தார்கள். தோள் இறங்கியவன்தான் அதிகம் கத்தினான்.

மகள் திரும்பி வந்து, மறுபடியும் மெத்தை, மறுபடியும் பின்பிரேக் என்று மூன்று வாரம் போனது. பிறகு அந்த நாள் வந்தது. அந்தக் கோடியில் எஞ்சின் உறுமியது. மாவக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நெருங்கி வந்து, ஏறி, ஒரே சீராக நின்று, அவளைக் கடந்து போய், மெதுவாக இறங்கியது. டயர் தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. முற்றமே கைதட்டியது.

மகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அணைத்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா?"

பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மாவக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லடி. வாயை மூடறப்ப கண்ணையும் சேத்து மூடிக்கிட்டேன்." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போ, இன்னொரு தடவை தூக்கு. இந்தத் தடவை பாக்கறேன்."